டிக்கெட் ரெண்டாயிரம்... திண்டிவனம் திரும்பி வர எவ்வளவு?

‘‘எவ்ளோடா டிக்கெட்டு?’’

‘‘ஐந்நூறு ரூபாதாம்மா!’’

தமிழ்நாட்டு இசை ரசிகர்கள் வீட்டில் அதிகமாகச் சொல்லும் பொய் எது என்று போட்டி வைத்தால் முதல் பரிசு இதற்குத்தான். இரண்டாம் பரிசு, ‘ஃப்ரெண்டு எடுத்துக் குடுத்தாம்மா’.

சொல்கிறவர் ஒன்றும் பொல்லாதவர் இல்லை. நல்ல பிள்ளைதான். சம்பளத்தை அப்படியே அம்மா கையில் கொடுத்துவிட்டு, பஸ் காசுக்கு மறுபடி கை நீட்டுகிற ரகம். ஆனால் கச்சேரி டிக்கெட் விலையை மட்டும் உள்ளபடி சொல்ல நாக்கு எழும்பாது. சொன்னால், ‘அந்தக் காசுக்கு அரை மாச மளிகை வாங்கலாமே’ என்று பதில் வரும். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறதே, அதுதான் சங்கடம்!

அவருக்குப் பெயர் வேண்டாம். ‘நம்மாள்’ என்றே வைத்துக்கொள்வோம். கற்பனை ஆசாமிதான். ஆனால், காலை எட்டு மணிக்குத் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே போய் நின்றால் இவரைப்போல் பத்துப் பேரைப் பார்க்கலாம். வீடு திண்டிவனத்தில். வேலை விழுப்புரத்தில், ஒரு தனியார் ஆபீஸில். பிடித்தம் போகக் கைக்கு வருவது 18,000. சனிக்கிழமையும் வேலை உண்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் காதில் ஒயரைச் செருகினால், விழுப்புரம் போய்ச் சேரப் பத்துப் பாட்டு. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பண்டிகைக் கூட்டம் என்றால் பதிமூணு. கிலோமீட்டர் கணக்கெல்லாம் நம்மாளுக்குக் கிடையாது.

இப்படிப் போக வர தினம் இருபது பாட்டு கேட்கிறவருக்கு, அந்தப் பாட்டைப் போட்டவரை ஒரு தடவையாவது நேரில் பார்த்து, அவர் வாயால் பாடக் கேட்க வேண்டும் என்று ஆசை வராதா? வரும். அந்த ஆசைக்கு என்ன விலை என்பதுதான் கேள்வி.

2025 ஆகஸ்ட் 23, சனிக்கிழமை. அனிருத்தின் ‘ஹுக்கும்’ கச்சேரி கூவத்தூர் ஸ்வர்ணபூமி வளாகத்தில் நடந்தது. (ஆமாம், 2017-ல் எம்.எல்.ஏ.க்களைக் கொண்டுபோய்த் தங்கவைத்தார்களே... அதே கூவத்தூர்தான்!) முதலில் ஜூலை 26-ம் தேதி, திருவிடந்தையில் என்றுதான் அறிவிப்பு. டிக்கெட்டுக்குக் கிராக்கி ஏகமாக இருந்ததில் அந்த இடம் பத்தாது என்று தேதியும் மாறி, ஊரும் மாறியது. ‘கூவத்தூரா... அவ்ளோ தூரமா?’ என்று சென்னைக்காரர்களுக்கு மலைப்பு. நம்மாளுக்கோ ஒரே குஷி. பெரிய கச்சேரி ஒன்று முதல் தடவையாகத் தன் ஊர்ப் பக்கமாக நகர்ந்து வருகிறதே! மரக்காணம் போய், இ.சி.ஆரில் ஏறி, வடக்கே திரும்பினால் கூவத்தூர். மயிலாப்பூரிலிருந்து வருகிறவருக்கும் திண்டிவனத்திலிருந்து போகிறவருக்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஆனால் பர்ஸில்?

கொஞ்சம் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். இது எந்தக் கச்சேரியின் நிஜ ரேட்டும் அல்ல. கணக்குக்காக ஒரு ரவுண்டு நம்பர். டிக்கெட் 2,000 ரூபாய். அதன் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி., 360. அதற்கு மேல் ‘கன்வீனியன்ஸ் ஃபீ’ என்று ஒன்று - 140 என்று வைப்போம். (நம் வீட்டில், நம் போனில், நம் நெட் காசில் நாமே டிக்கெட் எடுக்கிறோம். இதில் யாருக்கு என்ன கன்வீனியன்ஸ் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை!) ஆக, பட்டனை அமுக்கும்போதே 2,500 காலி. போகும்போது பஸ், 100. வரும்போது? ராத்திரி கச்சேரி முடிந்து கூட்டத்தில் நீந்தி வெளியே வரும்போது நம்ம ஊருக்கு ஏது பஸ்? நாலைந்து பேராகச் சேர்ந்து வண்டி பேச வேண்டும். தலைக்கு 800. உள்ளே தண்ணீர் பாட்டிலைக்கூட விட மாட்டார்கள். தண்ணீர், சாப்பாடு வகையில் 300. சனிக்கிழமை லீவு போட்டதற்குச் சம்பளப் பிடித்தம் 600. கூட்டிப் பாருங்கள்... 4,300 ரூபாய்! மாதச் சம்பளத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு.

இப்போது சென்னையில் 60,000 சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தாராளமாக 5,000 ரூபாய் டிக்கெட்டே எடுக்கிறார். வரி 900, ஃபீ 200, சொந்த பைக்குக்குப் பெட்ரோல், பார்க்கிங், ஒரு பிரியாணி எல்லாம் சேர்த்து 400. மொத்தம் 6,500. சம்பளத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். சனிக்கிழமை அவருக்கு லீவு வேறு!

மேடைக்குப் பக்கத்தில் நிற்கிற ஐயாயிரம் ரூபாய்க்காரரைவிட, கடைசிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்.ஈ.டி. திரையில் ஆளைப் பார்க்கிற ரெண்டாயிரம் ரூபாய்க்காரர் அதிக விலை கொடுத்தவர். ‘மலிவு டிக்கெட்காரங்கதானே’ என்று கேட் காவலர் தள்ளிவிடுகிறாரே, அவருக்கு இந்தக் கணக்கு தெரிய நியாயமில்லை. கச்சேரி நடத்துகிறவருக்காவது தெரிந்திருக்கலாம்.

சும்மா சொல்லக் கூடாது, அம்மாவிடம் சொல்கிற அந்த ‘ஐந்நூறு ரூபா’விலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இசை நிகழ்ச்சிக்கு ஆளுக்கு 500 ரூபாய் வரை டிக்கெட் என்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. முதலில் 250 என்று இருந்த வரம்பை 2018 ஜனவரியில் 500 ஆக்கினார்கள். 500-க்கு எடுத்தால் 500. ஒரே ஒரு ரூபாய் கூட்டி 501 என்று வைத்தால், வரியோடு 591! ஆக, கவர்மென்ட் கணக்குப்படி 500 ரூபாய் வரை இருந்தால் சாமானியன் கேட்கும் பாட்டு. அதற்கு மேல் போனால் பணக்காரர் சமாசாரம். நம்மாள் வீட்டில் சொல்கிற பொய்யும் மிகச் சரியாக அந்தக் கோட்டில்தான் போய் நிற்கிறது. சினிமா டிக்கெட்டுக்காவது அரசாங்கம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017-ல் ஏ.சி. மல்டிப்ளெக்ஸுக்கு, வரி நீங்கலாக அதிகபட்சம் 150 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். கச்சேரிக்கு அந்த மாதிரி கூரை ஏதும் இல்லை. திறந்தவெளிதானே!

இந்த இடத்தில் பனையூரைப் பற்றிச் சொல்லாமல் போனால் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ கச்சேரியை 2023 ஆகஸ்ட் 12-ல் வைத்திருந்தார்கள். அன்றைக்கு மழை கொட்டியது. கச்சேரியைத் தள்ளி வைக்கிறோம் என்று அன்றைக்கே அறிவிப்பு வந்தது. மழைக்கு யாரும் பொறுப்பில்லை. யார் மீதும் தப்பு சொல்ல முடியாது. பழைய டிக்கெட்டே புதுத் தேதிக்கும் செல்லும் என்றார்கள். சென்னையில் இருப்பவருக்கு அது சரி. மழையில் நனையாமல் வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டிருப்பார். ஊரிலிருந்து பஸ் ஏறி, செங்கல்பட்டு தாண்டி வந்துகொண்டிருந்தவர்? அவருக்கு டிக்கெட் செல்லும். போட்ட லீவு செல்லாது. போய்வந்த பஸ் காசு செல்லாது.

செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. பனையூர் ஆதித்யராம் பேலஸ் சிட்டி மைதானம். அன்று நடந்தது ஊரறிந்த கதை. இடம் கொள்ளாத கூட்டம். கையில் டிக்கெட் வைத்திருந்தவர்கள் வெளியே, முண்டியடித்தவர்கள் உள்ளே. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் நெரிசலில் சிக்கித் தவித்தார்கள். பெண்கள் தங்களிடம் அத்துமீறல் நடந்ததாகப் புகார் சொன்னார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு பாட்டுகூடக் கேட்காமல் திரும்பினார்கள். இ.சி.ஆர். அடைத்துக்கொண்டதில் முதலமைச்சரின் கான்வாயே மாட்டிக்கொண்டது என்றால், நம்மாள் எம்மாத்திரம்! மறுநாள் ஏற்பாட்டாளர்களான ஏ.சி.டி.சி. நிறுவனம், பொறுப்பு தங்களுடையது என்று அறிவித்தது. உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலையும் குறைகளையும் அனுப்பும்படி ரஹ்மான் கேட்டுக்கொண்டார். பிறகு பணம் திருப்பித் தருகிற வேலையும் நடந்தது. போலீஸ் வழக்கும் பதிவானது.

பணம் திருப்பிக் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் ‘ரீஃபண்ட்’ என்ற சொல் இருக்கிறதே, அது சென்னைக்காரர்களுக்காகச் செய்யப்பட்ட சொல். டிக்கெட்டில் அச்சடித்த தொகை வரும். நம்மாளின் 4,300-ல் பாதியைச் சொச்சம் தாண்டி 2,360 வந்தால் அதிகம். மீதி 1,940, இ.சி.ஆர். காற்றோடு கலந்துவிடும். அது எந்த வெப்சைட்டிலும் பதிவாகாத பணம். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, திருக்கோவிலூர் என்று வெளியூர் ரசிகன் செலவழிக்கிற காசில் கிட்டத்தட்ட பாதி, டிக்கெட்டுக்கு வெளியே இருக்கிறது. கச்சேரி தள்ளிப்போனால், ரத்தானால், கேட்டை மூடிவிட்டால் முதலில் போவது அந்தப் பாதிதான். ‘ரசிகர்கள் எவ்வளவு விலை கொடுக்கத் தயார்?’ என்று கணக்குப் போடுகிற நிபுணர்கள், டிக்கெட் ரேட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஊர் போய்ச் சேருகிற செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பாட்டுக்குக் காசு கொடுப்பது நம்ம பக்கத்துக்குப் புதிதா என்றால், இல்லவே இல்லை. முறைதான் வேறு.

திண்டிவனம், மயிலம், விக்கிரவாண்டி வட்டாரத்தில் ஆடி மாதம் எந்தக் கிராமத்துக்குள் நுழைந்தாலும் அம்மன் கோயிலில் சாகை வார்த்தல் நடக்கும். ராத்திரி தெருக்கூத்தோ பாட்டுக் கச்சேரியோ உண்டு. டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது, கையில் பேண்ட் கட்டுவது கிடையாது. பாயைக் கொண்டுபோய் விரித்தால் அதுதான் ஃப்ரன்ட் ரோ. இலவசம் என்று நினைக்கிறோம். இலவசம் இல்லை ஸார்! பத்து நாள் முன்னாடியே ஊர்ப் பெரியவர்கள் நோட்டும் பேனாவுமாக வீடு வீடாக வந்து தலைக்கட்டு வரி வசூலித்திருப்பார்கள். பாட்டுப் பிடிக்கிற வீடும் கொடுக்கும், காது கேட்காத தாத்தா மட்டும் இருக்கிற வீடும் கொடுக்கும். அதுவும் போதாதென்றால் ‘கச்சேரி உபயம்’ என்று வெளிநாட்டில் வேலை பார்க்கும் யாராவது ஒரு புண்ணியவானின் பெயர் ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஃப்ளெக்ஸில் சிரிக்கும்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று இருக்கிறது. கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே யாராவது ஒருவர் எழுந்து போய், துண்டுச் சீட்டோடு நூறு ரூபாய் நோட்டை நீட்டுவார். ‘இந்தப் பாடலை விரும்பிக் கேட்டு அன்பளிப்பாக ரூபாய் நூறு வழங்கிய...’ என்று மைக்கில் பெயர் முழங்கும். நூறு கொடுத்தவரைப் பார்த்து எதிர்க்கோஷ்டிக்காரர் இருநூறு கொடுப்பார். கூத்தில் கர்ணனாக வேஷம் கட்டினவர் அழ வைத்துவிட்டால், அழுத அம்மா முந்தானை முடிச்சை அவிழ்ப்பார். பாட்டு நன்றாக இருந்தால் காசு, சொதப்பினால் விசில்! கேட்ட பிறகு கொடுக்கிற முறை இது. ரசிகன் என்ன விலை கொடுப்பான் என்பதை இதைவிடத் துல்லியமாக எந்த நிபுணரும் அளந்துவிட முடியாது. இப்போதைய டிக்கெட்டோ, கேட்பதற்கு முன்னால் - சில சமயம் இரண்டு, மூன்று மாதம் முன்னால் - பார்க்காத மேடைக்கு, தெரியாத மைதானத்துக்கு முழுப் பணத்தையும் கட்டச் சொல்கிறது. சொதப்பினால் விசிலடிக்கலாம், அவ்வளவுதான்.

சரி, இந்த ரேட் ஏன் இப்படி ஏறியது?

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு கேசட் கடை ஞாபகம் இருக்கும். முப்பது, நாற்பது ரூபாய்க்குப் படப் பாட்டுக் கேசட். அதற்கும் வக்கில்லை என்றால், ஒரு டி.டி.கே.யோ மெல்ட்ராக்கோ வாங்கி, அறுபது நிமிஷத்துக்குப் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்துப் போய் வாங்க வேண்டும். கையெழுத்து அழகாக இருக்கிற பையன் எழுதின லிஸ்ட்டுக்குக் கடையில் தனி மரியாதை! அப்போது பாட்டை விற்றால் காசு. மேடைக் கச்சேரி என்பது விளம்பரம் மாதிரி. இன்று பாட்டு போனில் சும்மாவே கொட்டுகிறது. பாட்டு எதிர்காலத்தில் குழாய்த் தண்ணீர், கரன்ட் மாதிரி ஆகிவிடும், பாடகர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடத் தயாராகிக்கொள்ளட்டும் என்று இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவி 2002-லேயே ஒரு பேட்டியில் சொன்னார். (போவிக்குத் திண்டிவனத்தைத் தெரியாது. எங்கள் பக்கத்தில் குழாயில் பாட்டு வருகிற அளவுக்குத் தண்ணீர் வருவதில்லை!)

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டவர் ஆலன் க்ரூகர். ப்ரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர். ஒபாமாவுக்குப் பொருளாதார ஆலோசகர் குழுவின் தலைவராக இருந்தவர். அமெரிக்காவில் 1996-லிருந்து 2003-க்குள் பொதுவான விலைவாசி ஏறியது 17 சதவிகிதம். கச்சேரி டிக்கெட்டின் சராசரி விலை ஏறியது 82 சதவிகிதம் என்று கண்டுபிடித்தார். கேசட், ஸி.டி. வருமானம் வற்றியதால், அதை மேடையில் எடுக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. 2019-ல் காலமானார். அதே வருஷம் ‘ராக்கனாமிக்ஸ்’ என்ற அவருடைய புத்தகம் வெளிவந்தது.

ரேட்டை எதிர்த்துச் சண்டை போட்ட பாடகர்களும் உண்டு. ‘பேர்ல் ஜாம்’ என்ற அமெரிக்க ராக் குழு, ரசிகர்களுக்கு 20 டாலருக்குள் டிக்கெட் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, டிக்கெட்மாஸ்டர் கம்பெனி வைக்கிற சர்வீஸ் சார்ஜை எதிர்த்து 1994-ல் அரசாங்கத்திடமே புகார் கொடுத்தது. நாடாளுமன்றக் குழு முன்பு போய் சாட்சியும் சொன்னார்கள். அடுத்த வருஷம், நடவடிக்கை எதுவும் இல்லாமல் விசாரணையை மூடிவிட்டார்கள். இந்தியாவில் அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1996 நவம்பர் 1-ம் தேதி மும்பை அந்தேரியில் மைக்கேல் ஜாக்சன் ஆடினார். ஆட்டம் ஒரு ராத்திரி. அதற்கான கேளிக்கை வரி வழக்கு மட்டும் கால் நூற்றாண்டு ஆடியது. மூன்று கோடிக்கு மேற்பட்ட அந்த வரியைத் தள்ளுபடி செய்ய மகாராஷ்டிர அமைச்சரவை 2021-ல்தான் ஒப்புக்கொண்டது. ஜாக்சன் அதற்குப் பல வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது புதுசாக இன்னொரு வித்தை வந்திருக்கிறது. கூட்டம் கூடக் கூட ரேட்டைத் தானாக ஏற்றுவது. 2024-ல் இங்கிலாந்தின் ‘ஒயாசிஸ்’ குழு மறுபடி சேர்ந்து பாடுகிறது என்றதும், சுமார் 150 பவுண்ட் என்று நினைத்து மணிக்கணக்காக க்யூவில் காத்திருந்தவர்களுக்கு, தங்கள் முறை வந்தபோது திரையில் தெரிந்தது 350 பவுண்டுக்கு மேல். நாடே கொதித்தது; விசாரணை வைத்தார்கள். விழுப்புரத்துக்காரருக்கு இதைச் சொன்னால் கொட்டாவி விடுவார். பொங்கலுக்கு முதல் நாள் ஆம்னி பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் விழுப்புரத்தில் இறங்குவதற்கு மதுரை டிக்கெட் ரேட் கொடுத்து வந்தவராயிற்றே!

ப்ளாக் டிக்கெட் கதையும் அப்படித்தான். தியேட்டர் வாசலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ‘பத்து இருவது... பத்து இருவது...’ என்று வாய் அசையாமல் முணுமுணுத்த ஆசாமிகள் இப்போது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘கோல்ட்ப்ளே’ குழுவின் மும்பை கச்சேரிகளுக்கு 2024 செப்டம்பர் 22-ல் டிக்கெட் விற்பனை திறந்தபோது, க்யூவில் கோடிப் பேருக்கு மேல். 2,500 முதல் 35,000 வரை இருந்த டிக்கெட்டுகள், கொஞ்ச நேரத்தில் வேறு வெப்சைட்களில் லட்சக்கணக்கில் விலை பேசப்பட்டன. அதே சமயத்தில் தில்ஜித் தோசாஞ்ச் கச்சேரிக்கும் இந்தக் கூத்து நடந்து, கடைசியில் அமலாக்கத் துறையே பல ஊர்களில் சோதனை போட்டது. பாட்டுக் கச்சேரிக்கு அமலாக்கத் துறை!

ஆனால் கோல்ட்ப்ளே விஷயத்தில் எனக்குப் பிடித்த சமாசாரம் ஒன்று உண்டு. 2025 ஜனவரி 25, 26 தேதிகளில் அகமதாபாத் நரேந்திர மோடி ஸ்டேடியத்தில் பாடினார்கள். லட்சத்துக்கு மேல் கூட்டம். 26-ம் தேதி கச்சேரியை ஹாட்ஸ்டாரிலும் நேரடியாகக் காட்டினார்கள். மேற்கு ரயில்வே மும்பையிலிருந்து ஸ்பெஷல் ரயில் விட்டது. வெளியூர் ரசிகன் எப்படி வருவான், எப்படிப் போவான் என்று ஒரு அரசாங்க இலாகா உட்கார்ந்து யோசித்திருக்கிறது! நம்ம இ.சி.ஆரில் ரயில் கேட்க முடியாது. அந்தப் பாதை பல வருஷமாகக் காகிதத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பஸ் கேட்கலாமே? கச்சேரி முடிகிற நேரத்துக்கு மரக்காணம் வழியாகத் திண்டிவனம், விழுப்புரத்துக்கு ஒன்றிரண்டு ஸ்பெஷல் பஸ். திருவண்ணாமலை பௌர்ணமிக்கும் மேல்மலையனூர் அமாவாசைக்கும் விடுகிறார்கள் இல்லையா? பஸ் டிக்கெட்டையும் கச்சேரி டிக்கெட்டோடு சேர்த்து விற்கட்டும். நம்மாளின் 800 ரூபாய் வண்டிச் செலவு 150-க்குள் வந்துவிடும். மேடையில் ஒரு பட்டாசு குறைத்துக்கொண்டால் போயிற்று.

அதுவரைக்கும் நம்மாள் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. பல பேருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவை’ என்பதற்குள் பொழுதுபோக்கும் சேர்த்தி. காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடாவிட்டால், அது சேவைக் குறைபாடு. பழைய சட்டம் இருந்த காலத்தில், கம்பெனி எங்கே இருக்கிறதோ, அல்லது தகராறு எங்கே நடந்ததோ, அங்கேதான் வழக்குப் போட வேண்டும். சென்னை கம்பெனி என்றால் சென்னைக்கு நடையாய் நடக்க வேண்டும். இழந்த ரெண்டாயிரத்துக்காக இன்னொரு ரெண்டாயிரம் பஸ்ஸுக்குச் செலவழிக்க யாருக்குப் பைத்தியம்? புதுச் சட்டத்தில், புகார் கொடுப்பவர் குடியிருக்கிற ஊரிலேயே, அல்லது வேலை பார்க்கிற ஊரிலேயே போடலாம். அதாவது, நம்மாள் விழுப்புரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடலாம். ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் போய்வருகிற தூரம்! கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, தானே பேசலாம். அதற்கும் முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போட்டே சில விஷயங்களைத் தீர்த்துக்கொள்ளலாம்.

இதில் முக்கியம், டிக்கெட் பணத்தை மட்டும்தான் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பட்ட நஷ்டத்துக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு கேட்கலாம். எவ்வளவு தருவது என்பது ஆணையத்தின் பாடு. ஆனால் கேட்பதற்குக் கையில் காகிதம் வேண்டும். டிக்கெட்டின் நகல், பணம் போனதற்கு பேங்க் மெஸேஜ், பஸ் டிக்கெட், வண்டிக்காரருக்கு ஜிபேயில் அனுப்பின கணக்கு, மூடின கேட்டின் முன்னால் மணி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. நம்ம பசங்க கச்சேரியில் இருநூறு வீடியோ எடுக்கிறார்கள். பஸ் டிக்கெட்டை மட்டும் இறங்கும்போதே கசக்கி எறிந்துவிடுகிறார்கள்!

‘இவ்வளவு ரோதனை பட்டு எதுக்குப் போகணும், வீட்லயே யூட்யூப்ல பார்க்க வேண்டியதுதானே’ என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆபீஸில் மானேஜர் முன்னால் வாயைத் திறக்காதவர், வீட்டில் குரலை உயர்த்தாதவர், பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு காதில் மட்டும் பாடிக்கொண்டிருந்தவர், அந்த ஒரு ராத்திரி முப்பதாயிரம் பேரோடு சேர்ந்து தொண்டை கிழியக் கத்துகிறார். ஸ்ருதி சேரவில்லை என்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 4,300 ரூபாயில் அவர் வாங்குவது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. விலை ஜாஸ்தியா, கம்மியா என்று வெளியிலிருந்து சொல்ல நாம் யார்?

விடிகாலை நாலு மணி. வண்டிக்காரர் மேம்பாலத்துக்குக் கீழே இறக்கிவிட்டுப் போகிறார். டீக்கடையில் முதல் பாய்லர் கொதிக்கிறது. நம்மாள் ஒரு டீ அடித்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறார். அம்மா விழித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

‘‘வந்துட்டியா... நல்லா பாடுனாங்களா?’’

‘‘சூப்பரும்மா. தொண்டைதான் போயிடுச்சி.’’

‘‘யாருக்கு, அவங்களுக்கா உனக்கா?’’

பதில் சொல்லக் குரல் வரவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறார்.

‘‘நேத்து சாயங்காலம் கோயில் வரிக்கு வந்திருந்தாங்க. குடுத்துட்டேன்’’ என்கிறார் அம்மா, படுத்தபடியே.

‘‘எவ்ளோம்மா?’’

‘‘ஐந்நூறு ரூபாதாண்டா!’’

நம்மாள் லைட்டை அணைக்கப் போகும்போது, காலண்டர் ஆணியில் செருகியிருக்கும் ரசீது கண்ணில் படுகிறது. ஆயிரத்து ஐந்நூறு. ‘கச்சேரிக்கு’ என்று பக்கத்தில் பேனாவால் எழுதியிருக்கிறார்கள்.